பின்னால் நிற்பவர்

"ஏம்மா, பிரேக் போட்டா பின்னாடி சிவப்பா ஒண்ணு எரிய வேண்டாமா? எரிஞ்சிருந்தா நான் ஏன் வந்து இடிக்கப் போறேன்?"

நான் பதறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, சாலையோரத்தில் ஒரு வேன்காரர் என் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு கையால் பின்கழுத்தைப் பிடித்தபடி நின்றாள். குறுக்கே ஒரு நாய் ஓடியதாம். பிரேக்கை மிதித்தாளாம். நாய் தப்பித்துவிட்டது. எங்கள் கார் தப்பவில்லை.

வலப்பக்கப் பின்விளக்கு சில்லுசில்லாகச் சிதறிக் கிடந்தது. மடங்கிய தகரம் டயரைக் கவ்விக்கொண்டதால் வண்டி நகரவில்லை. இழுவை வண்டிக்காரர் சங்கிலியை இறக்கிவைத்துவிட்டு, சண்டை முடியட்டும் என்று காத்திருந்தார்.

"எரிஞ்சுது," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "காலையில என் வீட்டுக்காரர் பின்னாடி நின்னு பார்த்துட்டுத்தான் அனுப்பினாரு."

நான் குனிந்து சில்லுகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பிரேக் விளக்கை ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்ள முடியாது. உள்ளே ஒருவர் மிதிக்க வேண்டும், பின்னால் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பின்னால் நிற்பது என் வேலை. அவள் மிதித்துவிட்டு "எரியுதா?" என்பாள். நான் "எரியுது" என்பேன். அப்புறம்தான் வண்டி கிளம்பும்.

தலை நரைத்த பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டவள். எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு வேண்டும் அவளுக்கு. நான் அவளுக்கு வைத்த பெயர் பைலட். "பைலட்டம்மா பறக்கலாம்" என்று வழியனுப்புவேன். அவளும் சிரிப்பாள், பாவம்.

போன வாரம் வலப்பக்க பல்பு போய்விட்டது. புதிது வாங்கி வந்தேன், அட்டையைப் பிரிக்காமல் கார் டாஷ்போர்டுக்குள் போட்டும் வைத்தேன். டிக்கியைத் திறந்து, பழையதை அழுத்தித் திருகி எடுத்து, புதியதைச் செருக வேண்டியதுதான். பல் தேய்க்கிற நேரம்கூட ஆகாது. "இன்னொரு பக்கம்தான் எரியுதே, நாளைக்கு மாத்திடறேன்" என்று அவளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்வதில் நான் ஒருநாளும் சோம்பியதில்லை.

ஆக, மீதியிருந்தது இடப்பக்க விளக்கு ஒன்றுதான்.

இன்று காலை, வீட்டின் பின்பக்கம், துணிக்கொடிக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்து அவள் "எரியுதா?" என்று குரல் கொடுத்தாள். நான் குளியலறையில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். முகத்தைத் துடைத்து, செருப்பை மாட்டி, அவ்வளவு தூரம் யார் போவது?

ஜன்னல் வழியாக "எரியுது" என்று கத்தினேன்.

"அப்ப மிதிச்சுக் காட்டுங்க," என்றார் வேன்காரர். "இந்தப் பக்கத்து லைட் முழுசாத்தானே இருக்கு?"

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். உட்காரும்போதே வலியில் முகம் சுருங்கியது.

"ஏங்க, எரியுதா?"

காலையில் நின்றிருக்க வேண்டிய இடத்தில் இப்போது நின்றேன். காலடியில் சில்லுகள் நொறுங்கின. இடப்பக்க விளக்கில் ஒரு கீறல்கூட இல்லை. வெளிச்சமும் இல்லை.

"எரியல," என்றேன்.

வேன்காரர் இரண்டு கைகளையும் விரித்து எல்லோரையும் பார்த்தார்.

அவள் மெதுவாக இறங்கி வந்தாள். "நீங்க இடிச்ச இடியில போயிருக்கும். காலையில எரிஞ்சுது. அவரு பார்க்காம ஒண்ணைச் சொல்ற ஆளு இல்ல."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டியது அப்போதுதான். திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்குவதா என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். வேன்காரருக்கு என்னைவிடச் சின்ன வயது. சொன்னதில் ஒரு பொய் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"உள்ள இருக்கிறதையெல்லாம் எடுத்துக்குங்கம்மா," என்றார் இழுவை வண்டிக்காரர்.

அவள் டாஷ்போர்டைக் காலி செய்தாள். மூக்குக்கண்ணாடி, குடை, தலைவலித் தைலம். கடைசியாக, பிரிக்காத பல்பு அட்டை. வேன்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் அது அவளுடைய கைப்பைக்குள் போய்விட்டது. என்னவென்று கவனிக்காமல் போட்டுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஸ்டீயரிங் திரும்பிவிடாமல் சீட் பெல்ட்டால் கட்டி, காரின் பின்பக்கத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். நாங்கள் இருவரும் இழுவை வண்டியின் முன் சீட்டில் ஏறிக்கொண்டோம். வேன்காரர் பட்டறைக்கே வந்து பேசிக்கொள்வதாகச் சொல்லிப் பின்னால் வந்தார்.

முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தூக்கிய நிலையில் எங்கள் காரின் இடப்பக்க விளக்கு சரியாக என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டு வந்தது. முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"காலையில நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கைப்பையைத் திறந்து பல்பு அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"காலையிலயே கார் கண்ணாடியில பின்னாடி பார்த்தேன்," என்றாள். "கொடியில உங்க சட்டை ஆடிட்டிருந்துது. நீங்க இல்ல."

இழுவை வண்டிக்காரர் சாலையையே பார்த்தார். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

"தெரிஞ்சுமா வண்டிய எடுத்த?"

அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடம்போடு முழுசாக என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எரியுதுன்னு சொன்னீங்களே."