இல்லைன்னு சொல்ல ஓர் அத்தை

"ஒரு கம்பெனியில சம்பளம் வாங்கிக்கிட்டு இன்னொரு பக்கம் பிசினஸ் பண்றது என்னம்மா பழக்கம்?"

மேனேஜர் பூவராகன் இப்படிக் கேட்டபோது, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து சீட் கிட்டு தன் கம்ப்யூட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கம்ப்யூட்டர் இன்னும் ஆன்கூட ஆகவில்லை. போட்டுக்கொடுத்தது யார் என்று துர்காவுக்குப் புரிந்துபோயிற்று.

தாம்பரத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற ஆபீஸ் அது. வாராவாரம் மீட்டிங்கில் பூவராகன் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவார். வேலை என்பது தாலி மாதிரி, ஒன்றுதான் இருக்கலாம் என்பார். அதையும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்த்துத்தான் சொல்வார்.

"சார், ஆபீஸ் நேரத்துல நான் அதைத் தொட்டதே இல்ல. ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும்தான்."

"ஏதோ ஏஐன்னு சொன்னாங்க. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"அது என்ன பண்ணும்னா சார்..."

கையைத் தூக்கி நிறுத்தினார். அது என்ன பண்ணும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் தமக்கு இல்லையாம். மேலிடத்தில் கலந்து பேசி, சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்வாராம்.

கேட்டிருக்கலாம் அவர்.

நம் ஊரில் யாருக்கும் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல வராது. 'பாக்கலாம்', 'சொல்லி அனுப்பறோம்' என்று இழுத்து இழுத்து, எதிராளியை நடையாய் நடக்கவிடுவோம். துர்காவின் சாஃப்ட்வேர் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவைத்தது. யாருக்கு, எதற்காக 'இல்லை' என்று தட்டிவிட்டால் போதும். அதுவே போன் போட்டு, பக்குவமாக மறுத்துவிடும். எந்தக் கடையின் கணக்கோ, அந்தக் கடை வழக்கமாகப் பேசுகிற தோரணையில் பேசும்.

குரல் மட்டும் மாடம்பாக்கத்தில் இருக்கும் புஷ்பலதா அத்தையுடையது. குடும்பத்திலேயே யாரையும் நோகடிக்காமல் மறுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எவ்வளவு கறாராக மறுத்தாலும், கடைசியில் "சாப்டீங்களா கண்ணு?" என்று கேட்காமல் போனை வைக்க மாட்டாள். சாஃப்ட்வேரும் வைக்காது.

துர்கா பிடிவாதமாக ஒரு விதி வைத்திருந்தாள். போன் எடுத்ததும் யார் சார்பில் பேசுகிறோம் என்று கடைப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். காசு கொடுக்கிற வாடிக்கையாளரும் அதை நீக்க முடியாது. ஏமாற்று வேலைக்குத் தன் அத்தையின் குரல் போய்விடக் கூடாது அல்லவா?

தொழில் பிய்த்துக்கொண்டு போனது. மாதச் சம்பளத்தைவிட அதில் லாபம் கூட. ஆனால் பீர்க்கன்கரணையில் பார்த்துவைத்த ஃபிளாட்டுக்கு லோன் கேட்டால், வங்கியில் அது எடுபடவில்லை. பிசினஸ் உங்கள் அப்பாவுடையதா, அண்ணனுடையதா என்று அங்கே கேட்டார்கள். என்னுடையது என்றதும் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். லோன் கைக்கு வர இன்னும் ஒரு மாதம். அதற்குள் வேலை போனால் ஃபிளாட்டும் போச்சு.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே மனசு வரவில்லை. சாயங்காலம் வரை பூவராகன் அவளைக் கூப்பிடவும் இல்லை. எதிரே வந்தபோது சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரை ஆராய்ந்தபடி நகர்ந்துவிட்டார்.

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது போன் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தாள்.

"வணக்கம்மா. ஸ்ரீவராகா திருமணத் தகவல் மையத்துல இருந்து, ஓனர் பூவராகன் சார் சார்பா பேசறேன்."

புஷ்பலதா அத்தையின் குரல்.

"உங்க விஷயமா கம்பெனி பக்கத்துப் பெரியவங்க கலந்து பேசினாங்க. பொண்ணு மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா பொருத்தம் கூடி வரல. நாளையிலேருந்து வேலைக்கு வேணாம்னு அபிப்பிராயப்படறாங்க. உங்க குணத்துக்கு இதைவிட நல்ல இடமா அமையும். மனசுல வெச்சுக்காதீங்க. சாப்டீங்களா கண்ணு?"

"இல்ல அத்தை" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அப்புறம் அங்கேயே, ஷேர் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

ஸ்ரீவராகா திருமணத் தகவல் மையம் அவளுடைய ஆதி வாடிக்கையாளர். ஜாதகம் பொருந்தலை, பையன் வெளிநாடு போறான், பொண்ணு மேல படிக்கறா என்று தினம் வீடு வீடாக மறுத்துக்கொண்டே இருக்கும் கணக்கு அது. அதுவும் எல்லாப் போனும் ஆபீஸ் நேரத்தில்தான் போகும். ஓனர் யார் என்று அவள் விசாரித்ததில்லை. சாஃப்ட்வேர் செய்தது யார் என்று அவரும் விசாரித்ததில்லை. இன்று ஒரு பெண்ணை வேலையைவிட்டுத் தூக்க வேண்டியிருந்தது. நேரே சொல்லத் தைரியம் இல்லை. கைவசம் இருந்த கணக்கில் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை டிபன் பாக்ஸும் கையுமாக மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள் துர்கா.

பூவராகன் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போன் வந்திருக்குமே."

"வந்துச்சு சார். எல்லாம் விவரமா சொன்னாங்க. நம்ம சாஃப்ட்வேர்தான், நான் எழுதினது."

ஃபைல் கீழே இறங்கியது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் சார். மேலிடத்துல யாராவது கேட்டா நான் சரியாச் சொல்லணும் இல்லையா? என் ஜாதகத்தை ஆபீஸ்ல வந்து வாங்கிக்கணுமா, தகவல் மையத்துல வந்து வாங்கிக்கணுமா?"

வெளியே கிட்டுவின் கம்ப்யூட்டர் இன்றும் ஆன் ஆகவில்லை.

பூவராகன் மெதுவாக எழுந்தார். அறைக் கதவைச் சாத்தினார். தம் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியைத் தாமே இழுத்துப்போட்டார்.

"உக்காரும்மா" என்றார். "சாப்டியா கண்ணு?"