வடக்கு மடை

"அணை உடைஞ்சு போச்சு மாமா. இதோட மூணாவது தடவை."

வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்றபடி அலுத்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு எட்டு வயதுதான் இருக்கும். கையில் ஓர் அலுமினியத் தட்டு. முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிறோமே என்ற கூச்சமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

வரப்பில் நின்ற துரைக்கண்ணு சிரித்துவிட்டார். குத்தாலத்தில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்தவர். சலவை வேட்டி. சட்டைப் பையில் சர்வே நம்பர் எழுதிய காகிதம். பதினொரு மணிக்கு ஊர்ச் சாவடியில் குத்தகைப் பதிவு விசாரணை. அதற்குள் அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வெயில் ஏறுமுன் வந்திருந்தார்.

"வெறும் சேத்தை வச்சா எப்படி நிக்கும்? புல்லோட பேத்து வை பாப்பா."

"நீங்க வந்து வச்சுக் குடுங்களேன்."

துரைக்கண்ணு ஒரு கணம் யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மாசி மாதத்து வாய்க்கால், தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் புல் கட்டிகளை அடுக்கி மிதித்தார். அணை நின்றது.

"எதுக்கு இவ்வளவு அவசரம்? பள்ளிக்கூடம் இல்லையா?"

"ஆபீசருக்கு மீன் குழம்பு வைக்கணும்."

"எந்த ஆபீசருக்கு?"

தங்கமணி, அதுதான் அந்தப் பெண்ணின் பெயர், தட்டால் தண்ணீரை இறைத்துக்கொண்டே சொன்னாள். "இந்த வயலு பண்ணையாரோடது. ஆனா உழுவுறது எங்கப்பாதான், வீரையன். தாத்தா காலத்துலேருந்து நாங்கதான். இப்பப் புதுச் சட்டம் வந்திருக்குல்ல, உழுவுறவங்க பேரை எழுதணும்னு. பண்ணையாரு எங்களைத் தெரியவே தெரியாதுங்குறாரு. நெல்லு அளந்தப்ப ரசீதா குடுத்தாங்க? சாட்சி சொல்லவும் யாரும் வர மாட்டேங்குறாங்க. பேரு எழுதலேன்னா வயலு போயிடும்னு அப்பா சாப்பிடவே மாட்டேங்குறாரு."

"அதுக்கு மீன் என்ன பண்ணும்?"

"ஆபீசருங்கல்லாம் எப்ப வந்தாலும் பண்ணை வீட்டுலதான் சாப்பிடுவாங்க. சாப்பிட்ட வீட்டுக்குத்தான் எழுதிட்டுப் போவாங்கன்னு அம்மா சொல்லுது. எங்க வீட்டுல சாப்பிட்டா எங்க பேரை எழுதுவாருல்ல?"

அவர் குனிந்து அணையை இன்னொரு தடவை மிதித்துவிட்டார். அவள் இறைப்பதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த ஆபீசரா?"

"பேசாம இறை பாப்பா. மீன் சேத்துக்குள்ள போயிடும்."

சும்மா இறைக்க முடியுமா? இறைக்க இறைக்கப் பேச்சு வளர்ந்தது. வயலுக்கு எந்த மடையில் தண்ணீர் பாயும் என்று அவர் கேட்டார்.

"வடக்கு மடைதான். கிழக்கால ஒண்ணு இருக்கு, அதுல எலி வளை. தொறந்தா தண்ணி அடுத்த வயலுக்குப் போயிடும்."

"மண்ணு எப்படி?"

"ஈசானி மூலையில மட்டும் உப்பு பூக்கும். அப்பா அங்க கொழிஞ்சித் தழையைப் போட்டு மிதிப்பாரு. அப்பத்தான் நாத்து புடிக்கும்."

அதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. சேற்றில் ஏதோ புரண்டது.

"விரால்" என்றார் துரைக்கண்ணு மெதுவாக. "நான் அந்தப் பக்கத்துலேருந்து ஓட்டுறேன். வாலைப் புடிக்காத. செவுளுக்குப் பின்னால அமுக்கிப் புடி."

முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை அவளே வழுக்கி விழுந்தாள். மூன்றாம் தடவை, முகமெல்லாம் சேறாக, முழங்கை நீள விராலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். துரைக்கண்ணு கைதட்டினார். வேட்டியின் வெள்ளை போன இடம் தெரியாமல் சேறாகியிருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே வரவில்லை. இப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

"மத்தியானம் சாப்பிட வந்துடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்குச் சாவடி நிறைந்திருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த தங்கமணி திகைத்துப் போனாள். நாற்காலியில் வேறு யாரோ கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். மீன் பிடித்த மாமா பண்ணையாருக்குப் பக்கத்தில், ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"வீரையன் உழலைன்னா வேற யாருதான் உழறது?" அதிகாரி கேட்டார்.

"இவன்தாங்க, துரைக்கண்ணு. ஆறு வருஷமா" என்றார் பண்ணையார்.

துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். திருப்பனந்தாள் பக்கம் அவர் குடியிருக்கும் வீட்டு மனையும் பண்ணையாருடையதுதான். அவர் போ என்றால் குடும்பத்தோடு தெருவில் நிற்க வேண்டும்.

அதிகாரி நேற்றே வயலைச் சுற்றிப் பார்த்திருந்தார். "எந்த மடையில தண்ணி பாய்ச்சுறே?"

"வடக்கு மடைங்க. கிழக்கு மடையில எலி வளை."

"மண்ணு?"

"ஈசானி மூலையில உப்பு பூக்கும்ங்க. கொழிஞ்சி போட்டு மிதிச்சாத்தான் நாத்து புடிக்கும்."

அதிகாரி தலையாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். வீரையன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தங்கமணிக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா, காலையில மீன் புடிக்கறப்ப நான் சொல்லிக்குடுத்ததை இந்த மாமா ஒண்ணு விடாம சொல்றாங்க பாருங்க."

சாவடி முழுக்கக் கேட்டது. அதிகாரியின் பேனா நின்றது.

"அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

பண்ணையார் செருமினார். துரைக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நெசந்தாங்க. இந்த வயலை நான் இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன்."