மணி அடிக்காத வாழ்க்கை

“சமயபுரத்துல வேண்டுதலா சார்?” என்று ரிசப்ஷனில் இருந்த பெண் நவநீதனின் மொட்டைத் தலையைப் பார்த்துக் கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். ஆத்தா மன்னிப்பாளாக. வேண்டுதலுமில்லை, ஒன்றுமில்லை. தோள்வரை தொங்கிய முடியும் நெஞ்சுவரை வளர்ந்த தாடியும் போனால்தான் அடையாளம் தெரியாது என்று, முந்தாநாள் ஸ்ரீரங்கத்தில் வீட்டுப் பக்கத்துச் சலூனிலேயே மழித்துக்கொண்டு, மேலே சந்தனத்தையும் பூசிக்கொண்டு வந்திருந்தான்.

அடையாளம் தெரிந்தால் அவ்வளவுதான், வேலை கிடைக்காது. ஐந்து வருஷத்துக்கு முன் சென்னையில் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து, ஆன்லைனில் நேந்திரம் சிப்ஸ் விற்க ஆரம்பித்தவன் அவன். சிப்ஸ் போய்ச் சேருமுன் தூளாயிற்று. திரும்பி வந்த பார்சல்தான் வீடெல்லாம். ஆனால் ஜீயபுரம் வாழைத்தோப்பில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து, ‘வேலையை விடுங்க, வாழ ஆரம்பிங்க’ என்று அவன் போட்ட வீடியோக்களை மட்டும் ஜனம் விழுந்து விழுந்து பார்த்தது. சேனல் பெயர் ‘மணி அடிக்காத வாழ்க்கை’. அதனால் பார்க்கிறவர்களுக்கு அவன் மணியண்ணன். சொந்தப் பெயரை அவன் எங்கேயும் சொன்னதில்லை.

பார்த்தார்களே தவிர, அதில் அரை வயிறுகூட நிரம்பவில்லை. தோப்பில் எறும்பு கடித்ததையும், சோற்றில் கை வைக்கிற நேரத்தில்கூட கஸ்டமருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதையும் அவன் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. உபதேசம் ஊருக்குத்தானே.

குடும்ப வண்டியை இழுத்தது அவன் மனைவி ஜோதி. பகலெல்லாம் ஸ்கூலில் கத்தி, சாயங்காலம் டியூஷனில் கத்தி, அவளுக்குத் தொண்டை கட்டி இரண்டு மாதமாயிற்று. டியூஷனை நிறுத்தாவிட்டால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று காலை அவன் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, “கெடச்சிரும்ங்க” என்று அவள் சொன்னது வெறும் காற்றாகத்தான் வந்தது. அதைக் கேட்டு அவனுக்கு அழுகை முட்டியது. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் அற்புதசாமி ஐம்பதை நெருங்குகிறவர். வீடு பாலக்கரையில், வேலை பத்தொன்பது வருஷமாக இதே மருந்துக் கம்பெனியில் என்று அவரே சொன்னார். மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் தண்ணீர் பாட்டில், வேளாங்கண்ணி மாதா படம், பிள்ளைகளின் போட்டோ. ஆபீசுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நவநீதன் நினைத்துக்கொண்டான்.

“உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே சார்,” என்றார்.

தாடி போனாலும் குரல் போகவில்லையே. ஜலதோஷம் என்று சொல்லி இரண்டு தரம் இருமி வைத்தான். அதற்குமேல் கட்டைக்குரலிலேயே பேசினான்.

மனிதர் வேலையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. கம்பெனியை விட்டுச் சொந்தமாகப் பண்ணினீர்களே, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், நினைத்த நாளில் லீவு போட முடிந்ததா, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். ஆழம் பார்க்கிறார் என்று நவநீதன் உஷாரானான். தோற்றுப்போய் வந்து நிற்கிறேன் என்றால் எவன் வேலை கொடுப்பான்?

“ரொம்ப நல்லாப் போச்சு சார். ராஜா மாதிரி இருந்தேன். வீட்டுலதான் ஆபீஸ் வேலைன்னாதான் கௌரவம்னு சொல்றாங்க, அதான் வந்தேன்.”

தொண்டை போன ஜோதியின் தலையிலேயே பழியைப் போட்டது அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அற்புதசாமியின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. உடனே ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டு, ஆள் கிடைத்துவிட்டார் என்று சொன்னார். வேலைக்கான பேப்பரை அவன் பக்கம் நகர்த்தினார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நவநீதன் கையெழுத்துப் போட்டான். இன்று சாயங்காலமே டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிடச் சொல்ல வேண்டும். அந்தச் சந்தோஷத்தில், சும்மா இராமல் வாயைக் கொடுத்தான். இவ்வளவு நல்ல சீட் எப்படிக் காலியாயிற்று என்று கேட்டான்.

“என் சீட்டுதான் சார். ரிசைன் பண்ணி மூணு மாசம் ஆச்சு. பதிலுக்கு ஆள் வந்தாத்தான் விடுவோம்னுட்டாங்க. லெட்டரை வாபஸ் வாங்கிரலாமான்னு இன்னைக்குக் காலைல வரைக்கும் யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அனுபவிச்சுப் பார்த்த நீங்களே சொல்லிட்டீங்க, இனிமே பயமில்ல.”

அட்டைப்பெட்டியைத் தூக்கி மேஜைமேல், அவன் கையெழுத்துப் போட்ட பேப்பருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு செல்போனில் எதையோ தேடி எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். வாழைத்தோப்பு தெரிந்தது. லேப்டாப் தெரிந்தது. நெஞ்சுவரை தாடி தெரிந்தது.

நவநீதனின் கை தானாகப் போய் மழித்த மோவாயைத் தடவியது.

“மணியண்ணன்னு ஒருத்தர். நீங்களும் பாருங்க சார், உங்க முகத்துலயும் ரொம்ப அலுப்பு தெரியுது.”