கை தவறி

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுமத்திலிருந்து வாசுகி நீக்க நினைத்தது போலி விதை விற்ற ஒருவனை. விரல் பட்டதோ அவனுக்குக் கீழே இருந்த தவமணியின் பெயர்மேல். அவள் கவனிப்பதற்குள் அவரிடமிருந்து முறையீடு வந்துவிட்டது: "நான் என்ன தப்பு பண்ணினேன் மேடம்?"

நீக்கியதற்குக் காரணம் சொல்வதில்லை என்பது குழுமத்தின் விதி. அதை எழுதியவளே அவள்தான்.

"திரும்பச் சேர்த்தா ஏன் நீக்குனீங்கன்னு கேப்பாரு. கை தவறிடுச்சுன்னு சொன்னா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்? விடும்மா," என்றார் இன்னொரு நிர்வாகியான சிராஜுதீன். விட்டாள்.

தவமணி விடவில்லை. "ரோஜாவுக்கு டீத்தூள் போடச் சொன்னேனே, அதுவா மேடம்?" என்று கேட்டார். "ஒருத்தரோட கத்திரிக்காயைக் கிண்டல் பண்ணினேன். அதுக்கா?" என்றார். தோட்டத்தில் தேடி அலுத்ததும் வீட்டுக்குள் தேட ஆரம்பித்தார். "தம்பி கல்யாணத்துக்கு நான் போகலை. அது உங்க காதுக்கு வந்துச்சா?"

வாசுகி எல்லாவற்றையும் படித்தாள். 'உங்க மேல ஒரு தப்பும் இல்லை சார்' என்று தட்டுவாள். பிறகு அழித்துவிடுவாள்.

இன்று காலை வந்தது இது: "காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டேன் மேடம். நீங்க செஞ்சது ரொம்பச் சரி. இத்தனை வருஷமா என்னை யாருமே தட்டிக் கேக்கலை. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

'கை தவறிவிட்டது, மன்னித்துவிடுங்கள்' என்று எழுதத்தான் வாசுகி உட்கார்ந்தாள். அனுப்பிய பிறகுதான் பார்த்தாள், 'அப்படி என்ன சார் செஞ்சீங்க?' என்று எழுதியிருந்தாள்.

அவர் படித்துவிட்டதாகத் திரை காட்டியது. காரணம் மட்டும் வரவில்லை.