கடுகும் பட்டாணியும்

கணவனின் இதயக் குழாயில் படிந்த சுண்ணாம்பை உறிஞ்சி எடுத்து, கல்லாக இறுக்கி, மனைவியின் மோதிரத்தில் பதித்துக் கொடுக்கிறார்கள். கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாசம் என்று ஊரில் பேச்சு. என் கொழுந்தன் மனைவி சொர்ணத்தின் கல் பட்டாணி அளவு இருக்கும். என்னுடையது கடுகு.

"அத்தானுக்குக் குழாயெல்லாம் சுத்தமாமே. நீங்க குடுத்து வச்சவங்கக்கா," என்பாள், விசேஷ வீட்டில் நாலு பேர் காதில் விழும்படி. சொல்லும்போது மோதிர விரலால்தான் கன்னத்தைச் சொறிவாள்.

ஒரு வருடம் இவருக்கு நெய்யும் ஆட்டுக்கறியுமாகப் போட்டேன். பாவி மனுஷன் அத்தனையையும் தின்றுவிட்டு விடிந்ததும் நடக்கப் போய்விடுவார்.

மறுபரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கூட வருபவர்களின் இதயத்தையும் படம் எடுப்பார்கள். டாக்டரம்மா இரண்டு படத்தையும் பார்த்தார்.

"சாருக்கு ஒண்ணுமே இல்லம்மா. உங்களுக்குத்தான் உடனே எடுக்கணும். பதினாறு வருஷமா சேர்ந்திருக்கு."

சொர்ணம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து பதினாறு வருடம் ஆகிறது.

என் கல் கொண்டைக்கடலை அளவு வந்தது. மனைவியின் கல் கணவனுக்கு என்ற வழக்கப்படி அது இவருடைய மோதிரத்துக்குப் போனது.

போன வாரம் ஒரு கிரகப்பிரவேசத்தில் சொர்ணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தான் மேல அக்காவுக்கு எவ்வளவு பாசம்," என்று பெருமூச்சு விட்டாள். இவரும் பூரித்துப்போய்க் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அந்தக் கல் முழுக்க அவள்தான் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?