நேற்று நடந்த சொற்பொழிவு

"இதைப் பாருங்க, எங்க ஊட்டுக்காரரு எழுதினது!"

கிருஷ்ணவேணி பத்திரிகையை மடித்து எதிர்ப் பலகைப் பெரியவரிடம் நீட்டினாள். பக்கத்திலிருந்த அவள் புருஷன் மாசிலாமணிக்கு ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

விழுப்புரத்தில் ஏறியதிலிருந்து அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. வறுத்த மல்லாட்டைக் கடலை விற்பவள் பார்த்தாயிற்று, சந்தைக்குப் போகும் வியாபாரி பார்த்தாயிற்று. பாக்கி இருந்தவர் இவர்தான். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, மூக்கடைப்பு. யுத்த காலம், மேல் வகுப்புப் பெட்டிகளையெல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டதால் மூன்றாம் வகுப்பில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

'பௌதிக மேதை டாக்டர் வேங்கடேசன் நேற்று மாலை சர்வகலாசாலையில் ஒளியைப் பற்றி அரியதொரு சொற்பொழிவு நிகழ்த்தினார். மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒளிக்கு எடை உண்டா என்று ஒரு மாணவர் கேட்டதற்கு டாக்டர் தக்க பதிலளித்தார். கரகோஷம் அடங்க வெகுநேரமாயிற்று. - நமது நிருபர்.'

அந்தக் கூட்டத்துக்கு மாசிலாமணி போகவே இல்லை.

காலைப் பத்திரிகையில் செய்தி வரவேண்டுமானால் முதல்நாள் மத்தியானத் தபாலில் சேர்த்தாக வேண்டும். கூட்டமோ சாயங்காலம். நடக்கப்போவதை நடந்துவிட்டதாக எழுதி அனுப்புவதைத் தவிர ஜில்லா நிருபர்களுக்கு வேறு வழியில்லை. எந்தக் கூட்டத்தில்தான் மண்டபம் நிரம்பாமல் போயிற்று? யார்தான் கை தட்டாமல் விட்டார்கள்?

எழுதிவிட்டாவது போயிருக்கலாம். அவ்வளவு தூரம் யார் போவது என்று விழுப்புரத்திலேயே ஒரு சிநேகிதன் அறையில் படுத்துத் தூங்கிவிட்டு, நடுராத்திரிக்கு மேல் வீடு திரும்பினான்.

அது கிருஷ்ணவேணிக்குத் தெரியாது. கூட்டத்துக்குப் போய், செய்தியையும் அங்கிருந்தே அனுப்பிவிட்டுத் திரும்பி, அவளை எழுப்பாமல் படுத்துக்கொண்டதாக நினைத்திருந்தாள். அவள் அப்பா சுப்பராயலு, "பேப்பருக்கு எழுதறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கல்யாணப் பந்தலிலேயே கேட்டவர். திண்டிவனத்தில் இறங்கியதும் இதை அவர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள்; வருவதாக முன்பே கடிதமும் போட்டிருந்தாள்.

"நீங்க எங்கே உட்கார்ந்திருந்தீங்க?" என்று கேட்டார் பெரியவர்.

"முன் வரிசையிலங்க."

"எப்படிப் பேசினார்?"

"சிங்கமாட்டம்ங்க. அந்தக் குரலுக்கு மைக்கே வேணாம்."

பெரியவர் இருமினார். "அந்தப் பையன் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னார்? இதிலே போடலியே?"

மாசிலாமணி பத்திரிகையை எட்டிப் பார்த்தான்.

கிருஷ்ணவேணி முழங்கையால் இடித்தாள். "சொல்லுங்களேன். என்னாண்ட மட்டும் விடிய விடிய அளந்துக்கினு இருப்பீங்க!"

"எடை உண்டாம்ங்க. ஆனா நம்ம ஊரு தராசுல நிக்காதாம்."

பெரியவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்தார்.

"நல்ல பதில்" என்று பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார்.

திண்டிவனம் வந்தது. கிருஷ்ணவேணி மூட்டையோடு முதலில் இறங்கினாள். மாசிலாமணி பலகைக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலருகே வந்து இங்கிலீஷில் விசாரித்தார்.

"டாக்டர் வேங்கடேசன் தாங்கள்தானே? சர்வகலாசாலையிலிருந்து தந்தி. பட்டாள வண்டிக்கு வழிவிட்டுத் தங்களை இரவெல்லாம் விழுப்புரத்திலேயே நிறுத்திவிட்டார்களாமே! நடக்காமல் போன சொற்பொழிவை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள்."

"வருகிறேன் என்று தெரிவியுங்கள்" என்றார் பெரியவர், மூக்கடைத்த குரலில்.

அவர் மாசிலாமணியின் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

மாசிலாமணி எப்படி இறங்கினான் என்பது அவனுக்கே தெரியாது.

பிளாட்பாரத்தில் சுப்பராயலு நாலு பேரோடு நின்றிருந்தார். நேரே வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேப்பரைப் பார்த்தேன் மாப்ளே. கடைத்தெரு பூரா காட்டிட்டேன். அன்னிக்கு ஏதோ புத்தி கெட்டுப்போய் வாய விட்டுட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க. நீங்க நேருல பார்த்ததை உங்க வாயால கேக்கணும்னு இவங்கள்லாம் வந்துக்கீறாங்க. சொல்லுங்க, ஆளு எப்படி இருந்தாரு?"

மாசிலாமணி மற்றொரு கையிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தான்.

வண்டி இன்னும் புறப்படவில்லை. பெரியவர் இருந்த ஜன்னல் அவன் தோளை ஒட்டினாற்போல் இருந்தது.

"சொல்லுங்க" என்றாள் கிருஷ்ணவேணி, முகமெல்லாம் சிரிப்பாக.

மாசிலாமணி திரும்பிப் பார்த்தான்.

உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு, ஜன்னலின் மரப்பலகையை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டிருந்தது.