குருசாமி நினைவு வெயிட்டிங் ஷெட்

இருபது நிமிடம் காத்திருந்ததற்காகத்தான் கர்னல் பூபதிராஜாவுக்கு முதல் மெடல் கிடைத்தது. மற்ற ஆறும் அதன் பின்னாலேயே வந்தன. ஓய்வுபெற்ற பிறகு இன்றுதான் ஏழு மெடலையும் கோட்டில் குத்துகிறார். நெஞ்சு நிமிரவில்லை.

"பிரதீபா, நான் போறேன்."

"அந்த வார்த்தைய வாசல்ல நின்னு சொல்லாதீங்கன்னு கல்யாணமான நாள்லருந்து சொல்றனுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மனைவி. பத்து வயதில் ராணுவப் பள்ளி விடுதிக்குப் போனவர் அவர். மலையாள எல்லையிலிருக்கும் சித்தூர் அவருக்கு லீவுக்கு வந்துபோகும் ஊர். வீட்டுப் பேச்சு நாக்கில் ஒட்டவே இல்லை.

பக்கத்துப் பெருமாட்டி பஸ் ஸ்டாப்பில் புது வெயிட்டிங் ஷெட்டுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மேலே, சண்டையில் இறந்த சிப்பாய் குருசாமியின் பெயர், தமிழிலும் மலையாளத்திலும். கர்னல் வெட்டினார். கைதட்டல் அவருக்குப் பக்கத்து ஊர்க் கல்யாணச் சத்தம்போலக் கேட்டது.

"குண்டு மழையிலும் தன் வீரனுக்காக இருபது நிமிடம் இடத்தை விட்டு நகராத அன்றைய கேப்டன்!" என்று மைக்கில் முழங்கினார் பஞ்சாயத்து மெம்பர்.

முன்வரிசையில் குருசாமியின் தாய் சின்னத்தாயி. இருபத்திரண்டு வருடமாகக் கர்னல் தவிர்த்துவந்த முகம். கூட்டம் டீ குடிக்கக் கலைந்ததும் அவளே எழுந்து வந்தாள்.

"ஏனுங்க தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். ஆருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டானேன்னு இத்தன வருசமா எனக்குச் சோறு எறங்கலீங்க. கடைசியா என்னங்க பேசுனான்?"

பூபதிராஜா அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார்.

"முன்னால போனவனுக்கு இடுப்புல குண்டு. நூறு மீட்டர் தூரம். தூக்கிட்டு வர ரெண்டு பேரை அனுப்பப் பார்த்தேன். அதுக்குள்ள அவனே வயர்லெஸ்ல, 'சார், நான் வர்றனுங்க'ன்னான். அவன்தான் வர்றானேன்னு ஆளுகளை நிறுத்திட்டேன். இருபது நிமிஷம் காத்திருந்தேம்மா."

விசாரணையிலும் இதையேதான் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. வருகிறேன் என்றவன் ஏன் ஓரடிகூட நகராமல் கிடந்தான் என்பதுதான் அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

சின்னத்தாயியின் முகம் தெளிந்தது. அவர் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"பட்டாளத்துக்குக் கெளம்பறப்ப படியெறங்கி எங்கிட்டயும் அதயேதானுங்க சொன்னான். 'போறேன்'னு எங்கூட்டுல ஆருஞ் சொல்லமாட்டமுங்க."

கர்னலின் இன்னொரு கை கோட்டில் இருந்த முதல் மெடலை மூடியது. அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எம் பையன் சொல்லிப்போட்டுத்தானுங்க போயிருக்கான்."